பில்லில் "ப்ளக் கேப் செட்டிங்" என்று தனி லேபர் போட்டிருக்கிறார்களா? கொஞ்சம் உஷார்

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், அதுவும் காலையில் சர்வீஸுக்கு விட்டுவிட்டு ஆபீஸ் போய் சாயங்காலம் சாவி வாங்குபவர்கள், ஒரு தடவை பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். "இரிடியம் ப்ளக் - 4" என்று ஒரு வரியும், அதன் கீழேயே "ப்ளக் கேப் செட்டிங்" என்று தனி லேபரும் இருந்தால் கேள்வி கேளுங்கள். பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி விடுவது ஸ்பார்க் ப்ளக்; அதன் நடு முனைக்கும் வெளி முனைக்கும் உள்ள இடைவெளிதான் கேப். இரிடியம் உலோக முனை வைத்த ப்ளக் கம்பெனியிலேயே கேப் வைத்து வருகிறது. மாட்டும் முன் அளந்து பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் அதை "செட்" செய்யக் காசு வாங்குவது எதற்கு? என் பில்லில் அந்த இரண்டு வரியுமே பொய்.

சேலம் பைபாஸ் பக்கம், எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒர்க்ஷாப். ஏசி போட்ட வெயிட்டிங் ரூம், காபி மெஷின், எல்லாம் உண்டு. வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் ஓட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை. ஏற்காடு மலையில் ஏறும்போதுதான் வந்தது வினை. செகண்ட் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுக்காமல் குலுங்குகிறது. செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுகிறது. அந்த லைட் நிலையாக எரிந்தால்கூட மெதுவாக ஓட்டி ஒர்க்ஷாப் சேரலாம். மின்னினால் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, மோசமாக இருக்கிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல், சைலன்சர் லைனில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே கெடுத்துவிடும். அது பர்ஸைக் காலி செய்கிற செலவு.

திரும்பப் போனேன். ஸ்கேனர் போட்டார்கள், பி0303 என்று கோடு வந்தது. "மூணாவது காயில் போயிடுச்சு சார்" என்றார் சூப்பர்வைசர். ப்ளக்கில் பொறி வர ஹை வோல்டேஜ் கொடுப்பதுதான் காயில். புதுக் காயில் போட்டுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். மறுபடி மலை, மறுபடி அதே குலுக்கல். இந்த முறை "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும், இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணிடலாம்" என்று ஆரம்பித்தார்கள். அத்தோடு வண்டியை வெளியே எடுத்துவிட்டேன்.

பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது மட்டும்தான். ஏன் எரியவில்லை என்று அந்தக் கோடு சொல்லாது. காயிலில் சந்தேகம் இருந்தால், மூன்றாவதில் இருப்பதைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு பி0302 என்று மாறினால் காயில் கெட்டது உண்மை. மாறாமல் அங்கேயே நின்றால் ப்ளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். அதைச் செய்தால் புதுக் காயில் விற்க முடியாதே.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் ஸ்கேனரைத் தொடவே இல்லை. நாலு ப்ளக்கையும் கழற்றிப் பேப்பரில் வரிசையாக வைத்தார். "தம்பி, இதுல எது இரிடியம்?" என்றார். இரிடியம் ப்ளக்கின் நடு முனை ஊசி மாதிரி இருக்கும், 0.4 அல்லது 0.6 மிமீ தடிமன். சாதா நிக்கல் ப்ளக்கில் அது சுமார் 2.5 மிமீ. கண்ணாடி போடாமலே வித்தியாசம் தெரியும். நாலும் நிக்கல். அதுவும் புதுசு இல்லை, யார் வண்டியிலோ கழற்றி வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தது. வெளி முனையில் கொறடு கடித்த பல் தடம். மூன்றாவது ப்ளக்கின் பீங்கானில் கறுப்பாக ஒரு விரிசல் கோடு.

பிறகு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் எடுத்தார். என் வண்டி மேனுவலில் கேப் 1.0 முதல் 1.1 மிமீ. இங்கே ஒன்றில் 1.4 தகடு தாராளமாகப் போகிறது, இன்னொன்றில் 0.8 தகடே நுழையவில்லை. நாலு ப்ளக், நாலு அளவு. இதற்குத்தான் "கேப் செட்டிங்" லேபர்.

ஊருக்குள் தெரியாதது மலையில் ஏன் தெரிந்தது என்றால், கேப் அதிகமானால் பொறி தாண்ட வோல்டேஜ் அதிகம் வேண்டும். மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் அந்தத் தேவை இன்னும் ஏறும். காயிலால் முடியாத இடத்தில் பொறி பீங்கான் விரிசல் வழியாக ஓடிவிடும் அல்லது வராமலே போகும். ஐடிலிலும், வண்டியை நிறுத்தி ரேஸ் கொடுக்கும்போதும் அழுத்தம் குறைவு, அதனால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்தி ரேஸ் கொடுத்து "பாருங்க சார், ஸ்மூத்" என்று காட்டியது இதனால்தான். கேப் ரொம்பக் குறைந்தால் வேறு தொல்லை: பொறி வரும், ஆனால் சின்னது, வண்டி நிற்கும்போதே நடுங்கும்.

சூப்பர்வைசரிடம் ப்ளக்கைக் காட்டியபோது வந்த பதில்: "பாக்ஸ்ல வந்ததைத்தான் போட்டோம், டூப்ளிகேட் நிறைய வருது சார்." டூப்ளிகேட்டாவது புதுசாக இருக்கும், பிரஷ் தடத்தோடு எந்த டப்பாவில் வருகிறது? கடைசியில் ப்ளக் பணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். காயில் பணம் கிடையாது. பழைய காயிலைக் கேட்டால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

ஆகவே வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "கழற்றிய பார்ட்ஸ் வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். ப்ளக்கை மாட்டும் முன் டப்பாவோடு காட்டச் சொல்லி, மேலே உள்ள நம்பரைப் போட்டோ எடுங்கள். என்ஜிகே கம்பெனி ப்ளக்கில் நம்பர் கடைசியில் -11 என்று இருந்தால் கேப் 1.1 மிமீ. ப்ளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்று காட்டும் சூட்டு நம்பரை மட்டும் பிராண்டுக்குப் பிராண்டு ஒப்பிடாதீர்கள். என்ஜிகேயில் நம்பர் கூடினால் குளிர்ந்த ப்ளக் (சூட்டை வேகமாக வெளியேற்றுவது), பாஷ் கம்பெனியில் நேர் எதிர்.

சாதா ப்ளக்கில் கேப் மாற்றுவதானால் வெளி முனையை மட்டும் மெல்ல வளைக்க வேண்டும், நடு முனையைத் தொடவே கூடாது. இரிடியத்தில் காசு மாதிரி வட்டமான கேஜை நடுவில் செருகி நெம்பினால் முனை ஒடிந்துவிடும். அதற்குக் கம்பி கேஜ்தான். தரையில் விழுந்த ப்ளக்கை மாட்ட விடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில், ஜாப் கார்டு, ஃபீலர் கேஜோடு எடுத்த போட்டோக்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. காயில் விஷயத்தில்தான் ஆதாரம் இல்லாமல் நிற்கிறேன். பழைய காயில் அவர்களிடம் அல்லவா மாட்டிக்கொண்டது.