பழைய ஜெர்மன் செடானும் ஹட்டன் மலையும்: வாங்க நினைப்பவர்களுக்கு

எல்லோரும் முதலில் கேட்பது விலையைத்தான். 2000களின் நடுவில் வந்த ஜெர்மன் சொகுசு செடான் ஒன்றை இன்றைக்கு ஒரு நல்ல டொயோட்டா பிரீமியோவைவிடக் குறைந்த காசுக்கு வாங்கலாம். லெதர் சீட், மரப்பலகை வைத்த டாஷ்போட், கதவைச் சாத்தும்போது வருகிற அந்தக் கனத்த சத்தம், எல்லாம் சேர்த்துத்தான். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் ஜப்பான் கார்கள் எட்டாத விலைக்குப் போனதில் பலருடைய கண் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

என்னுடையது 2004 மாடல். பொனட்டில் என்ன சின்னம் என்று எழுதவில்லை. இருபது வயது தாண்டினால் ஜெர்மன்காரன் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வருத்தம்தான். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் கல்யாண ஹயருக்கு ஓடுகிறது. எஞ்சின் இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. செலவு வைப்பதெல்லாம் எஞ்சினைச் சுற்றி இருக்கிற றப்பரும் பிளாஸ்டிக்கும் வயரும்.

எயார் சஸ்பென்ஷனில் தொடங்குகிறேன், பெரிய பில் அங்கேதான். இதில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய றப்பர் பை. பழசானதும் மடிப்பில் மயிரிழை போல வெடிக்கும். பகலில் தெரியாது, இரவு முழுக்கக் காற்றுக் கசிந்து, விடியும்போது ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணினால் கொம்ப்ரஷர் ஓடி மறுபடி தூக்கிவிடும். "தானே எழும்புதே" என்று விட்டுவிட்டால், இறங்க இறங்க ஓடியே கொம்ப்ரஷர் எரிந்துபோகும். ஒரு சாமானோடு முடிய வேண்டியது இரண்டாகிவிடும்.

மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்துக் கல்யாணம். கோயில் வாசலில் நிறுத்தி, பூ கட்டி, மாப்பிள்ளை ஏறுகிற நேரத்தில் பார்த்தால் முன்பக்கம் முழுதாகக் கீழே. டயரின் மேல்பாதி மட்கார்டுக்குள் போய்விட்டது. பெண் வீட்டு மாமா ஒருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என்னா தம்பி, கார் சாமி கும்பிடுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த நிலையில் ஓட்டினால் டயர் உரசிப்போகும். மச்சானுடைய அக்சியோவை வரவழைத்து, பூவைக் கழற்றி அதில் கட்டி அனுப்பினேன். முன் இரண்டுக்கும் ரீகண்டிஷன் சாமான் போட்டுக் கூலியோடு இரண்டரை லட்சம். ஒரு ஹயருக்கு முப்பதாயிரம் வாங்குகிறேன். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கூலிங். கித்துல்கலை தாண்டிக் கினிகத்தேனை ஏறும்போது ஏசியும் போட்டு நாலு பேரும் இருந்தால் வண்டிக்கு உண்மையான பரீட்சை. தெர்மோஸ்டட் கூடு, கூலன்ட் டாங்கி, குழாய் மூட்டு எல்லாம் பிளாஸ்டிக். சூடுபட்டுச் சூடுபட்டு பிஸ்கட் மாதிரி உடையும். ஒன்று கசிந்தால் ஆற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். திறந்த சட்டியில் தண்ணீர் அங்கே 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், எஞ்சின் ஓடுகிற சூடும் ஏறக்குறைய அதுதான். கொதிக்காமல் காப்பது கூலன்டும் டாங்கி மூடி பிடித்துவைக்கிற அழுத்தமும்தான். ஆகவே மூடியை மாற்றுங்கள். இந்தக் காரில் மலிவான சாமான் அது ஒன்றுதான்.

இறக்கத்துக்கு வந்தால் பிரேக் ஒயில். இறம்பொடையில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், ஒயில் பழசாக இருந்தால், பெடல் பஞ்சு போலாகிவிடும். DOT 4 ரக பிரேக் ஒயில் புதிதில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் இழுத்த பிறகு அந்த அளவு 155தான். எங்கள் மழைக்கும் மூடுபனிக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம். கியரையும் இரண்டில் பிடித்து இறங்குங்கள், ஒட்டோ கியர் என்பதற்காக D-யில் விட்டுவிடாதீர்கள்.

கியர் பொக்ஸ் ஒயில் ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று விற்கிறவர் சொல்லுவார். பல ஜெர்மன் கார்களுக்குக் கியர் பொக்ஸ் செய்துகொடுக்கிற ZF கம்பெனியே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் வாங்கிய கொழும்புக் கார் சேலில் "டொக்டர் ஓடின வண்டி" என்றார்கள். டொக்டர் யாரென்றும் சொல்லவில்லை, ஒயில் எப்போது மாற்றினார் என்றும் சொல்லவில்லை.

சன்ரூஃப் உள்ள வண்டி என்றால் கம்பளத்தைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். சன்ரூஃபின் மூலைகளிலிருந்து தண்ணீர் இறங்கச் சின்னக் குழாய்கள் உண்டு. சைப்ரஸ் இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கால்மிதியின் அடியில் தேங்கும். கம்ப்யூட்டர் பெட்டி சிலவும் வயர் இணைப்புகளும் அங்கேதான். பிறகு ஹோர்ன் அடித்தால் வைப்பர் ஆடும்.

என் வண்டி இன்னும் ஓடுகிறதென்றால் கம்பளையில் இருக்கிற ஒரு மெக்கானிக் நானாதான் காரணம். லெப்டொப்பைப் பூட்டி ஸ்கேன் பண்ணாமல் ஒரு நட்டைக்கூடத் தொடமாட்டார். முதல்முறை போனபோது, "தம்பி, முன்னாடி பார்த்த மெக்கானிக் பாஸ் மூணு சென்சர் மாத்தியிருக்கார். பிழை இந்த வயர்ல" என்று காட்டினார். எலி கடித்திருந்தது. வாங்கியது நூறு ரூபாய்! கொழும்பு பஞ்சிகாவத்தையில் தெரிந்த கடையில் சாமானையும் அவரே பேசி எடுத்துத் தருவார். 2022இல் டொலர் இருநூறிலிருந்து முன்னூற்றைம்பது தாண்டியதும் சாமான் விலையும் கூடவே ஏறியது. புதுச் சாமான் கேட்கவே பயம். இப்படி ஒருவர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இல்லையென்றால் இந்தக் காரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தினமும் வேலைக்குப் போய்வர இதை வாங்காதீர்கள். ஏற்றத்தில் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் கிடைத்தால் அதிகம், 95 ஒக்டேன் பெற்றோல் மலைப்பக்கம் எல்லா ஷெட்டிலும் இருப்பதில்லை. ஹயருக்கு எடுக்கிறீர்கள் என்றால் சரி, ஆனால் பார்க்கப் போகும்போது காலையில், விற்கிறவர் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் போய் நில்லுங்கள். நாலு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். "எஞ்சினைச் சூடாக்கி வச்சிருக்கேன்" என்று சொன்னால் அப்படியே திரும்பி வாருங்கள்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, பெரிய வேலைக்கு அந்த மாதம்தான். பின்பக்கப் பைகள் இரண்டுக்கும் நானாவிடம் முற்பணம் கொடுத்தாயிற்று.