ஹாட்ஜ், பால், ஜட்: 2001 டிராஃப்டில் யார் சரியான முதல் பிக்?

டிராஃப்ட் முடிந்த மறுநாள் எந்த ஃபுட்டி ரசிகனிடம் பேசினாலும், தன் கிளப் எடுத்த பையன்தான் அடுத்த பெரிய ஆள் என்று சத்தியம் பண்ணுவான். கையில் இருப்பது மூன்று நிமிட வீடியோ, உயரம், எடை, 20 மீட்டர் ஓட்ட நேரம், அவ்வளவுதான். அதை வைத்தே 18 வயசுப் பையனுக்குப் பத்து வருஷ ஜாதகம் கணித்துவிடுவார்கள். கணிக்கட்டும், அதில்தானே சுவாரசியம். ஆனால் இந்த வருஷம் வந்த பையன்களை வரிசையில் நிறுத்தித் தீர்ப்பு எழுத எனக்கு ஆர்வமில்லை, யார் சொன்னது பலித்தது என்று பார்க்கவே ஏழெட்டு வருஷம் ஆகும். முழுசாக ஆடி முடித்து ஓய்வும் பெற்றுவிட்டவர்களை எடுத்துப் பார்த்தால்தான், டிராஃப்ட் அன்று நாம் எதை அளக்கிறோம், எதை அளக்காமல் விடுகிறோம் என்பது பிடிபடும். அதற்கு 2001ஐ விடத் தோதான வருஷம் கிடையாது.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் பெரிய லீகான ஏஎஃப்எல்லில், சீசன் முடிந்ததும் கிளப்புகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும். கடைசி இடத்தில் முடித்த கிளப் முதலில் எடுக்கும். எந்த ஊருக்குப் போவது என்பதில் பையனுக்குப் பேச்சே இல்லை. தன் முறையை, அதாவது பிக்கை, வேறு கிளப்புக்குக் கொடுத்து ஆள் வாங்கவும் கிளப்புகளுக்கு உரிமை உண்டு, அதுதான் ட்ரேட்.

2001 சீசனில் 22 ஆட்டத்தில் இரண்டே வெற்றியோடு அடியில் கிடந்தது ஃப்ரீமாண்டில். முதல் பிக் அவர்களுடையது. மெல்பர்ன் கிளப்பான ஹாத்தார்ன் அதே வருஷம் கிராண்ட் ஃபைனலுக்கு, அதாவது கோப்பைக்கான இறுதி ஆட்டத்துக்கு, முந்தைய ஆட்டம் வரை போய் எஸண்டனிடம் 9 பாயிண்டில் தோற்ற அணி, அதற்கு முதல் பிக் கனவில்கூட வந்திருக்காது. ஆனால் ட்ரென்ட் க்ரோட், லூக் மெக்ஃபார்லின் என்று வளர்ந்துவரும் இரண்டு உயரமான ஆட்டக்காரர்களைக் கொடுத்துவிட்டு 1, 20, 36 என மூன்று பிக்கை ஃப்ரீமாண்டிலிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அந்த முதல் பிக்கில் லூக் ஹாட்ஜ். இரண்டாவது பிக்கில் செயின்ட் கில்டா லூக் பாலை எடுத்தது. மூன்றாவதில் பெர்த் கிளப்பான வெஸ்ட் கோஸ்ட் கிறிஸ் ஜட்டை எடுத்தது. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

முதலில் ஜட்டைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஹாத்தார்ன் ரசிகர்களின் தூக்கத்தைப் பல வருஷம் கெடுத்தவர் அவர்தான். மெல்பர்ன் பையன், சாண்ட்ரிங்ஹாம் டிராகன்ஸ் என்ற ஜூனியர் அணி ஆள். பந்தைச் சுற்றி எட்டுப் பேர் குவிந்து கிடக்கும்போது, ரக்மேன் (நடுவர் போடும் பந்துக்குக் குதித்துத் தட்டிவிடும் உயரமான ஆள்) தட்டிவிட்ட பந்தை ஓட்டத்திலேயே கையில் வாங்கி, முதல் இரண்டு எட்டில் ஒருவனை விட்டு, அடுத்த இரண்டில் மொத்தக் கூட்டத்தையும் பின்னால் விட்டு, எதிராளி திரும்பிப் பார்ப்பதற்குள் திறந்த வெளியில் நிற்பார். இந்த மாதிரி வேகம் வீடியோவில் பிரமாதமாகத் தெரியும், யார் பார்த்தாலும் சொக்கிப் போவார்கள். அப்படியானால் ஏன் மூன்றாவதாகப் போனார்? தோள். ஜூனியர் காலத்திலேயே தோள் மூட்டு விலகிப் படுத்திய பையன் அவர். தோளால் மோதி மோதி ஆடும் ஆட்டத்தில் அது சின்ன விஷயமா? முதல் பிக்கைக் கொண்டுபோய் அதில் வைக்க, கிளப்புக்கு ஆள் தேடும் ஒரு ரெக்ரூட்டர் யோசித்தால் அது கோழைத்தனம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பயம் பெரிதாகப் பலிக்கவில்லை. 2004ல் 21 வயதிலேயே லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ மெடல், அதுவும் நடுவர்கள் போடும் ஓட்டில் 30 வாங்கி. 2005 கிராண்ட் ஃபைனலில் சிட்னியிடம் 4 பாயிண்டில் தோற்ற பக்கத்தில் இருந்துகொண்டே, அந்த ஆட்டத்தின் சிறந்த ஆளுக்கான நார்ம் ஸ்மித் மெடல். அடுத்த வருஷம் அதே சிட்னியை ஒரே ஒரு பாயிண்டில் முடித்துக் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். அந்தக் காலகட்டத்தில் ஹாத்தார்ன் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தது. 2004ல் பயிற்சியாளர் பீட்டர் ஷ்வாப் பாதியிலேயே போனார். "ஜட்டை விட்டுவிட்டோமே" என்ற புலம்பலை யாரும் அப்போது தவறென்று சொல்லியிருக்க முடியாது. டிராஃப்ட் விவாதத்துக்கு மூன்று வருஷக் கெடு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 2004 முடிவில் ஓட்டெடுத்தால் ஜட் போட்டியே இல்லாமல் ஜெயித்திருப்பார்.

பால் கதை வேறு. மூவரில் அவர்தான் அதிகம் கவர்ச்சியில்லாத ஆட்டக்காரர், நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பந்து தரையில் கிடந்தால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போவார், அடி வாங்குவார், பந்தை வெளியே தட்டிவிடுவார். வேகம் கிடையாது. வீடியோ தொகுப்பில் போட்டால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். முதல் வருஷமே காயத்தில் போய்விட்டது, 2003ல்தான் முதல் ஆட்டம். ஆனால் 2005ல் வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அறிவிக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம், கேப்டன் பொறுப்பு என்று வளர்ந்தார். அப்புறம் உடம்பு ஒத்துழைக்கவில்லை, பயிற்சியாளர் ரோஸ் லயனிடம் இடமும் சுருங்கியது. 2009 முடிவில் காலிங்வுட் போக விரும்பினார், இரண்டு கிளப்பும் ட்ரேடில் ஒத்துவரவில்லை, மனிதர் நேராக மறுபடி டிராஃப்டுக்குள் நுழைந்துவிட்டார். எட்டு வருஷத்துக்கு முன் இரண்டாவதாகப் போனவரைக் காலிங்வுட் 30வது பிக்கில் அள்ளியது. 2010 கிராண்ட் ஃபைனல் 68-68 என்று டிராவில் முடிந்து, ஒரு வாரம் கழித்து மறுபடி ஆடி, காலிங்வுட் 56 பாயிண்டில் வென்றது. தோற்ற அணி எது? செயின்ட் கில்டா. இதைவிடக் கொடுமையாக யாராலும் கதை எழுத முடியாது.

மொத்தம் 223 ஆட்டம், ஒரு கோப்பை. இரண்டாவது பிக்குக்கு இது மோசமா? எந்த வருஷத்தின் இரண்டாவது பிக்கை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், இதற்குக் கீழே நிறையப் பேர் இருப்பார்கள். பால் பாவம், முன்னும் பின்னும் நிற்பவர்களால் சின்னவராகத் தெரிகிறார்.

சரி, ஹாட்ஜ். மெல்பர்னிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோலாக் ஊர்ப் பையன், ஜீலாங் ஃபால்கன்ஸ் ஜூனியர் அணி ஆள். இடது கால் உதை. ஜட் மாதிரி வேகம் இல்லை, பால் மாதிரி குவியலுக்குள் மட்டுமே வாழும் ஆளும் இல்லை. மிட்ஃபீல்டிலும் ஆடுவார், பின்வரிசையிலும் ஆடுவார், தேவைப்பட்டால் முன்னால் போய் கோலும் அடிப்பார். "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும்" என்பது 18 வயசில் பாராட்டா திட்டா என்றே சொல்ல முடியாது. அவருடைய உண்மையான சரக்கு வேறு இடத்தில் இருந்தது. ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவரையே கவனித்தால் தெரியும்: பந்து மைதானத்தின் மறுகோடியில் இருக்கும், இவர் பின்வரிசையில் நின்றுகொண்டு கையை நீட்டி நீட்டி ஆட்களை நகர்த்திக்கொண்டிருப்பார், நீ அங்கே போ, நீ இவனை எடு என்று. ரக்மேன் தப்பான பக்கம் தட்டினாலும் அங்கே ஏற்கெனவே ஒரு ஹாத்தார்ன் சட்டை நிற்கும். இதை எந்த ஸ்டாப்வாட்ச் அளக்கும்?

2008 கிராண்ட் ஃபைனல். அந்த சீசன் முழுக்க ஒரே ஒரு ஆட்டம் தோற்றிருந்த ஜீலாங் எதிரே. ஹாட்ஜ் விலா எலும்பு அடிபட்ட நிலையில் இறங்கினார், ஹாத்தார்ன் 26 பாயிண்டில் வென்றது, நார்ம் ஸ்மித் மெடல் அவருக்கு. 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று கோப்பை, மூன்றிலும் அவர்தான் கேப்டன், 2014ல் இன்னொரு நார்ம் ஸ்மித். ஹாத்தார்னுக்கு 305 ஆட்டம். 2017 முடிவில் ஓய்வு என்றவர், மனசு மாறி பிரிஸ்பேன் போய் அங்கிருந்த இளசுகளோடு 41 ஆட்டம் ஆடினார்; 2018ல் 15வது இடத்தில் இருந்த அந்த அணி 2019ல் லீகில் இரண்டாவதாக முடித்தது. அவரால் மட்டும் என்று சொல்லமாட்டேன், ஆனால் தொடர்பே இல்லை என்று சொல்பவரோடு சண்டைக்கு நிற்பேன். பிரவுன்லோ மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை.

இங்கே ஜட் கட்சிக்காரர்கள் சொல்வது என்னவென்றால், ஹாட்ஜுக்குச் சுற்றிலும் நல்ல அணி அமைந்தது, ஜட் கார்ல்டனில் தனியாகச் சுமந்தார். பாதி உண்மை. 2007 முடிவில் ஜட் பெர்த்தை விட்டு மெல்பர்ன் திரும்பினார், 2008லிருந்து ஐந்து வருஷம் கார்ல்டன் கேப்டன், 2010ல் இரண்டாவது பிரவுன்லோ. ஆனால் கார்ல்டன் கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய பிரிலிமினரி ஃபைனலைக்கூட எட்டவில்லை. 2015ல் முழங்கால் காயத்தோடு முடிந்தது, மொத்தம் 279 ஆட்டம். ஒரு தனி ஆட்டக்காரராக ஹாட்ஜைவிட ஜட் ஒரு படி மேல் என்பதை நான் மறுக்கவே இல்லை. உச்சத்தில் இருந்த ஜட்டை நிறுத்த அந்தக் காலத்தில் ஆளே கிடையாது.

ஆனால் கேள்வி அதுவல்ல. ஒரு கிளப் தன் முதல் பிக்கை யார்மேல் வைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அதில் ஊர் என்று ஒன்று இருக்கிறது. மெல்பர்னிலிருந்து பெர்த் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர், விமானத்திலேயே நான்கு மணி நேரம். பள்ளி முடித்த பையனை அங்கே கொண்டுபோய் இறக்கினால், ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் வீட்டு ஞாபகம் வரும். ஆறு சீசன் ஆடிவிட்டு, கோப்பையும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஜட் கிளம்பினார். ஹாட்ஜ் சொந்த மாநிலத்திலேயே இருந்தார், 16 சீசன் ஒரே சட்டை.

வெஸ்ட் கோஸ்ட் இதில் ஏமாந்ததா என்றால் அதுவும் இல்லை. ஜட்டைக் கொடுத்து அவர்கள் வாங்கியதில் 2007ன் 3வது பிக், 20வது பிக் தவிர, ஜாஷ் கென்னடி என்ற இளம் ஃபார்வர்டும் உண்டு. அந்தப் பையன் பிற்பாடு வெஸ்ட் கோஸ்டுக்கு 700 கோலுக்கு மேல் அடித்து, 2015, 2016ல் அதிக கோலுக்கான கோல்மேன் மெடல் வாங்கி, 2018 கோப்பையிலும் இருந்தார். ஆக அந்த மூன்றாவது பிக், ஆள் போனபிறகும் வட்டி கொடுத்துக்கொண்டே இருந்தது. இந்தக் கணக்கை டிராஃப்ட் அன்று எந்த ரசிகனும் போடமாட்டான்.

ஃப்ரீமாண்டில் நிலைமையைக் கேட்காதீர்கள். க்ரோட் இரண்டே வருஷத்தில் ஹாத்தார்னுக்கே திரும்பிப் போனார். 2008 கிராண்ட் ஃபைனலில் ஆடும்போது கால் எலும்பு உடைந்தது, அதற்குப் பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, ஆனால் கோப்பை கையில். மெக்ஃபார்லின் பத்து வருஷத்துக்கும் மேல் ஃப்ரீமாண்டிலில் நன்றாகவே ஆடினார், அது மட்டும்தான் மிச்சம். அந்த 36வது பிக்கில் ஹாத்தார்ன் எடுத்தது சாம் மிட்செலை. வேகம் போதாது என்று முந்தின வருஷ டிராஃப்டில் யாரும் சீண்டாத பையன். 2008 கோப்பைக் கேப்டன் அவர்தான், 2012 பிரவுன்லோவும் பின்னாளில் ட்ரென்ட் காட்சின் என்ற ஆட்டக்காரரோடு சேர்த்து அவருக்கு வந்தது. 2013ல் ஃப்ரீமாண்டில் முதல்முறையாக கிராண்ட் ஃபைனல் வந்தபோது, எதிரே ஹாட்ஜ், மிட்செல் இருவரும் நின்றார்கள். 15 பாயிண்டில் தோல்வி.

மிட்செலை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? ஜிம்மி பார்ட்டெல் 8வது பிக், 2007 பிரவுன்லோ. டேன் ஸ்வான் 58வது பிக், 2011 பிரவுன்லோ. கேரி ஏப்லெட் ஜூனியர் 40வது பிக், 2009, 2013 என்று இரண்டு. அந்த ஒரே டிராஃப்டில் ஐந்து பிரவுன்லோ ஆட்கள், அதில் முதல் மூன்று பிக்கில் இருந்தவர் ஜட் ஒருவர்தான். மூன்று பேரை வைத்து நாம் அடித்துக்கொண்டிருந்தபோது மீதி நான்கு பேர் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஏப்லெட் விஷயம் கொஞ்சம் தனி: அப்பா ஆடிய கிளப் மகனை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஃபாதர்-சன் விதியில் ஜீலாங்குக்கு ஒரு மூன்றாம் சுற்று பிக்கின் விலைக்கே கிடைத்தார். பிற்பாடு அந்தச் சலுகை இறுகிவிட்டது, இப்போது வேறு கிளப் அந்தப் பையனை எந்த பிக்கில் கேட்கிறதோ அந்த விலைக்கு ஈடு கொடுக்க வேண்டும். 2021ல் நிக் டெய்கோஸை கோல்ட் கோஸ்ட் 4வது பிக்கில் கேட்டதால்தான் காலிங்வுட் அந்த விலைக்கு எடுத்தது, அதுவே கொள்ளை லாபம் என்று ஆனது வேறு கதை.

அதே 2021ல் முதல் பிக் ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ். தெற்கு ஆஸ்திரேலியப் பையனை நார்த் மெல்பர்ன் எடுத்தது, ஒரே சீசனில் ஊர்ப்பக்கம் போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். 2023ல் வெஸ்ட் கோஸ்ட் முதல் பிக்கில் ஹார்லி ரீடை எடுத்தபோது, அவர் விக்டோரியாவின் டொங்காலா ஊர் என்று தெரிந்ததுமே பாதி ரசிகர்கள் "எப்போது திரும்பிப் போவான்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவர் உடைத்துக்கொண்டு ஓடும் ஓட்டத்தைப் பார்த்த மீதிப் பாதி பேருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. என் கட்சி வெஸ்ட் கோஸ்டை ஆதரிக்கும்: அப்படி ஒரு பையன் இருக்கும்போது எடுத்துத்தான் ஆக வேண்டும், போனால் ஜட்டுக்குக் கேட்ட மாதிரி விலை கேட்க வேண்டும்.

ஆக 2001 முதல் பிக்குக்கு என் ஓட்டு ஹாட்ஜுக்கு, வாரக் கடைசியில் டிக்கெட் எடுத்துப் பார்க்க ஜட்டுக்கு. பாலுக்கு ஓட்டு போடும் காலிங்வுட் ரசிகர்கள் சிலர் உண்டு, அது 2010 போதை இன்னும் தெளியாததால். ஜீலாங் ரசிகர்கள் வந்தால் மூவரையும் ஓரம் கட்டிவிட்டு 40வது பிக் என்பார்கள். அவர்களோடு வாதாட என்னிடம் சரக்கு இல்லை.