21 நாள் கார் பயிற்சிக்கு 9,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: டிரைவிங் ஸ்கூலில் சேரப் போகிறவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம் மூன்றாவது தடவையாக அந்த டிரைவிங் ஸ்கூல் படியேறி இறங்கினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் ‘போய்த் தொலையட்டும்’ என்று இருந்துவிடுவேன். பெயரைப் போடவில்லை. பாளையங்கோட்டையில் மாடியில் ஒற்றை அறை, இரண்டு பழைய கார், வாசலில் பெரிய போர்டு என்று நடக்கும் சின்ன ஸ்கூல்களில் ஒன்று, அவ்வளவுதான். என்னிடம் வாங்கியது 9,500 ரூபாய். சேருவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் நர்ஸ். ஹைகிரவுண்ட் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். அவர் வாங்கிப்போட்ட கார் ஷெட்டில் தூசி அடைந்து கிடக்கும், நான் நைட் டியூட்டி முடிந்து ஆட்டோவுக்குக் கால்கடுக்க நிற்பேன். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டு, பிள்ளையையும் அத்தையையும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பட்ட பாட்டில், மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஓனர் அண்ணாச்சிக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி. உட்காரச் சொல்லி மோர் வாங்கிக் கொடுத்தார். “21 நாள் வண்டி, எல்.எல்.ஆர்., லைசென்ஸ் எல்லாம் சேர்த்து 9,500 தாம்மா. நீ ஒரு ஆபீசுக்கும் அலைய வேண்டாம், எல்லாம் நம்ம பையன் பாத்துக்கிடுவான்” என்றார். பணத்தை எண்ணி வாங்கியதும் ஒரு நீள நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஒன்றிலும் எழுத்தில்லை. “யம்மா, இதுல வரிசையா கையெழுத்துப் போட்டிரு. தெனமும் காலையில இதத் தூக்கிட்டு அலைய முடியாதுல்லா.”

21 வரியிலும் போட்டேன். நோயாளியின் சார்ட்டில் நேரம் எழுதாமல் ஒருநாளும் கையெழுத்து வைக்காதவள் நான். அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. மோரும் ‘யம்மா’வும் போதுமாக இருந்தது.

காலை ஆறு மணிக்கு வண்டி வரும். உள்ளே ஏற்கெனவே மூன்று பேர் இருப்பார்கள். எனக்கு ஸ்டியரிங் கிடைப்பது பன்னிரண்டு நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. மீதி நேரம் பின் சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதை வேடிக்கை பார்க்கலாம். மாஸ்டர் சின்னப் பையன், வாய்க்கு வாய் ‘யக்கா’ என்பான், ஆனால் காதில் எப்போதும் போன். ஒருநாள் அவன் வீட்டுக்குப் பால் வாங்க வண்டி போனது, ஒருநாள் அவன் தங்கச்சியைப் புது பஸ் ஸ்டாண்டில் விடப் போனது. எல்லாம் என் 21 நாள் கணக்கில்தான். பத்து நாள் கழிந்ததும் “வண்டி சர்வீசுக்குப் போயிருக்கு யக்கா” என்று நின்றது. பிறகு டெஸ்ட்டுக்கு முந்தி மூன்று நாள் வந்தது. ஆக மொத்தம் பதிமூன்று.

ஒரு விஷயம் அப்போதே கண்ணில் பட்டது, அர்த்தம்தான் விளங்கவில்லை. நான் மிதிக்கும் முன்னாலேயே கிளட்ச் என் காலுக்கடியில் தானாக இறங்கும். விடும்போதும் என் காலைத் தள்ளிக்கொண்டு மெதுவாக மேலே வரும். வண்டி ஒருதடவைகூட ஆஃப் ஆனதில்லை. “சூப்பரா ஓட்டுதீய யக்கா” என்பான். பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்க வேண்டும் என்பது விதி. ஆபத்து சமயத்தில் அவர் நிறுத்துவதற்காக. இந்தப் பையன் அதை வைத்து முழு வண்டியையும் அவனே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நான் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. கண்ணாடியில் தெரியாத மூலை ஒன்று இருக்கிறது, திரும்புமுன் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கே.டி.சி. நகர் பக்கம் நாலுவழிச்சாலைக்கு ஒரே ஒருநாள் கூட்டிப்போனான். நான் இண்டிகேட்டர் போட்டதற்கு, “காலங்காத்தால யாரு பாக்கப் போறா?” என்று சிரித்தான். யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். திடீரென்று திரும்பின வண்டியில் மோதித் தலையில் அடிபட்டு வருகிறவர்களின் ரத்தத்தைத் துடைக்கிற வேலை என்னுடையது. அப்படியும் அன்றைக்கு வாயைத் திறக்காமல்தான் இருந்தேன்.

டெஸ்ட்டுக்கு முந்தின மூன்று நாளும் ஒரே மனப்பாடம். “அந்த வேப்பமரம் கண்ணாடியில வந்ததும் ரைட்டுல ஒடிங்க, கம்பம் வந்ததும் நேராக்குங்க.” மரத்தையும் கம்பத்தையும் பார்த்தே ரிவர்ஸ் எடுத்துப் பாஸாகிவிட்டேன். லைசென்ஸ் கையில் வந்ததும் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போய் அண்ணாச்சிக்கே கொடுத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்தாற்போல் வந்த வெள்ளிக்கிழமை அத்தையை நெல்லையப்பர் கோயிலுக்குக் காரிலேயே கூட்டிப்போகக் கிளம்பினேன். ஆனித் திருவிழாக் கூட்டம். ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் வண்டி நின்றது. முன்னால் இருந்த பஸ் நகர்ந்ததும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. கிளட்ச் தானாக வரவில்லை! ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச்சைப் பாதி விட்டு, வண்டி இழுக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும், யூடியூப்பில் பார்த்தேன். அன்றைக்குத் தெரியாது. பின்னால் நின்ற ஆட்டோவில் போய்த்தான் நின்றது. அதன் முன் விளக்கு உடைந்தது, நல்லவேளை ஆட்டோவில் சவாரி யாரும் இல்லை. ஆட்டோக்கார அண்ணன் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டாமல், “தள்ளிக்கோங்க, நான் ஏத்தித் தாரேன்” என்றார். 2,500 ரூபாய் கொடுத்தேன். அத்தை அதற்கப்புறம் காரில் ஏறவே இல்லை.

மறுநாள் ஸ்கூலுக்குப் போன் போட்டேன். “அதான் லைசென்ஸ் கைக்கு வந்துட்டுல்லா, பெறகென்ன?” என்று வைத்துவிட்டார். நேரில் போனேன். “அண்ணாச்சி வெளியூர் போயிருக்காவ” என்றது அங்கிருந்த பிள்ளை. அவர் செருப்பு வாசலில் கிடக்கிறது. இரண்டாம் தடவை, “சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ”. முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். நேற்று மூன்றாம் தடவை ஆளைப் பிடித்துவிட்டேன். நிதானமாக அந்த நோட்டை எடுத்து விரித்தார். 21 வரியும் நிரம்பியிருந்தது. தினமும் 6.00 முதல் 6.30 வரை, மொத்தம் பத்தரை மணி நேரம். நான் நைட் டியூட்டியில் இருந்த காலைகளிலும் கார் ஓட்டியிருக்கிறேன். “இது உன் கையெழுத்துதானம்மா?” என்றார்.

பதிமூன்று நாள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம் என்று வைத்தாலும் மூன்றேகால் மணி நேரம்தான். இதற்கு 9,500 ரூபாய்.

“பொம்பளப் பிள்ளையளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஒரு 3,000 கட்டு, ஒரு வாரம் எக்ஸ்ட்ரா வண்டி அனுப்புதேன்” என்று அதற்கு மேலும் ஒன்று சொன்னார். எழுந்து வந்துவிட்டேன்.

ராத்திரி மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ஐத் தேடி வாசித்தேன். 31-ஆம் விதிப்படி சொந்தக் கார் ஓட்டப் பழகுகிறவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 10 மணி நேரம் வண்டியை ஓட்டியிருக்க வேண்டும். நோட்டில் பத்தரை என்று வந்த சூட்சுமம் அப்போதுதான் பிடிபட்டது. நான் கையெழுத்துப் போட்டதும் சும்மா நோட்டு இல்லை. படிவம் 15 என்று அரசு கேட்கிற ஓட்டுநேரப் பதிவேடு.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெற்றுக் கட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அன்றன்றைக்கு ஓட்டின நிமிஷத்தை எழுதிவிட்டுப் போடுங்கள். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். மாஸ்டரை இரண்டு காலையும் மேலே தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு, காலியான இடத்தில் ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லித் தராமல் விடாதீர்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறேன். அதோடு இணைக்கலாம் என்று இப்போதுதான் பர்ஸிலிருந்து ரசீதை எடுத்தேன். நான் கொடுத்தது 9,500. ரசீதில் 4,500 என்று எழுதியிருக்கிறது.