முழுசாக விடுவதா, பாதியாகக் குறைப்பதா, ஒரு வருடம் நிறுத்துவதா?

வேலை ஆளைத் தின்கிறது, ஆனால் சம்பளம் நன்றாக வருகிறது. இந்த நிலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: எவ்வளவு சேர்ந்தால் விட்டுவிடலாம்? அதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்பேன். விட்ட பிறகு செலவில் எவ்வளவு பங்கை உழைத்துச் சம்பாதிக்கத் தயார்? ஒன்றுமே இல்லையா, பாதியா, முழுசுமா? அதைப் பொறுத்துத்தான் வழி அமையும்.

கணக்குக்காக ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். கையில் இப்போது எதுவும் இல்லை, சம்பளத்தில் பாதியைச் சேமிக்கிறார், முதலீடு பணவீக்கம் போக ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்கிறது.

முழுசாகச் சேர்த்துவிட்டு முழுசாக விடுவதுதான் பலர் கனவு காணும் வழி. ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு வேண்டும் என்கிறார்களே, அதன் வேர் 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. விட்ட முதல் ஆண்டில் மொத்தச் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து (25 மடங்கு இருந்தால் அது சரியாக ஒரு ஆண்டுச் செலவு), பிறகு பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டு தாங்கியிருக்கும் என்று அமெரிக்கப் பங்குகள், கடன் பத்திரங்களின் பழைய வரலாற்றை வைத்துக் காட்டினார். அந்த 30 ஆண்டைத்தான் பலர் கவனிப்பதில்லை, அது வழக்கமான வயதில் ஓய்வு பெறுபவருக்குப் பொருந்தும் கணக்கு. நாற்பதில் விடுகிறவருக்குப் பணம் 50 ஆண்டு ஓட வேண்டியிருக்கலாம், அதனால் 28, 30 மடங்கு வைத்துக்கொள்வது நல்லது. நம் ஆளுக்கு 25 மடங்கு சேரவே கிட்டத்தட்ட 17 ஆண்டு, 30 மடங்கு என்றால் 19. ஆளைத் தின்கிற வேலையில் இன்னும் 19 ஆண்டு!

அப்புறம், விட்ட முதல் சில ஆண்டுகளிலேயே சந்தை விழுந்தால் என்ன ஆகும் என்பது இந்த வழியின் பெரிய ஆபத்து. 25 மடங்கு வைத்திருந்தவரின் பணம் 40 சதவீதம் சரிந்தால் 15 மடங்காகிவிடும். அப்போதும் அதே செலவுக்கு எடுத்தால் 4 சதவீதம் எடுத்தவர் ஏறக்குறைய 7 சதவீதம் எடுக்கிறார் என்று அர்த்தம், அதுவும் விலை அடிமட்டத்தில் இருக்கும்போது விற்று. பிறகு சந்தை ஏறினாலும் விற்ற பங்கு திரும்பி வராது.

பாதியாகக் குறைக்கும் வழியில் செலவில் பாதியைப் பகுதிநேர வேலை பார்த்துக்கொள்ளும், மீதியைச் சேமிப்பு தரும். அப்போது தேவை 12.5 மடங்குதான், நம் ஆள் அதைச் சுமார் 10 ஆண்டில் எட்டிவிடுவார். ஏழு ஆண்டு மிச்சம், அதுவும் உடம்பில் தெம்பு இருக்கிற ஏழு ஆண்டு. சந்தை விழுந்தால் இவருக்கும் அடி விழும், ஆனால் வேலையோடு தொடர்பு அறுபடாததால் சில மாதம் கூடுதலாக வேலை எடுத்து, சேமிப்பில் கை வைக்காமல் சமாளிக்க முடியும். குறை இல்லாமல் இல்லை. பாதி சம்பளத்துக்கு முழு வேலை வாங்கும் இடங்கள் நிறைய, நானே அப்படி ஓர் ஏற்பாட்டில் மாட்டிக்கொண்டு, வேலையில்லாத நாட்களிலும் போனைப் பார்த்தபடி பல மாதங்கள் கழித்திருக்கிறேன். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் என்பது எழுத்தில் இல்லாவிட்டால் இந்த வழியில் இறங்காதீர்கள்.

செலவு முழுவதையும் இலகுவான வேலையிலேயே சம்பாதித்துக்கொண்டு சேமிப்பைத் தொடாமல் வளரவிடுவதும் உண்டு, கோஸ்ட் ஃபயர் என்பார்கள். 10 மடங்கு சேர்ந்ததும் மாறிக்கொள்ளலாம், அது 25 மடங்காக வளர இன்னும் 19 ஆண்டு பிடிக்கும். வேலையே பிடிக்கும், இந்த வேகம்தான் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு இது சரி.

கடைசியாக, ஒரு வருடம் நிறுத்திவிட்டுத் திரும்புவது. இதற்கு ஆகும் செலவைப் பலர் மனதுக்குள் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். பத்து ஆண்டு சேமித்த பிறகு நம் ஆள் ஒரு வருடம் எதுவும் சம்பாதிக்காமல், சேமிப்பிலிருந்தே செலவழித்தாலும், 25 மடங்கை எட்டும் நாள் சுமார் ஒன்றேகால் வருடம்தான் தள்ளிப்போகிறது. அதே சம்பளத்தில் திரும்பச் சேர்ந்தால், என்பது நிபந்தனை. திரும்பும்போது பதவியோ சம்பளமோ ஒரு படி இறங்கலாம், சில துறைகளில் ஒரு வருடம் விலகினாலே கதவு பாதி சாத்திவிடும். உங்கள் துறையில் அப்படி விலகித் திரும்பியவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

பெரும்பாலானவர்களுக்குப் பாதிவழிதான் சரி என்பது என் தீர்மானமான எண்ணம். ஒரு விதிவிலக்கு: தூக்கமே போய்விட்டது, வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை என்ற கட்டத்தில் இருப்பவர்கள் எந்த வழியையும் இப்போது தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு வருடச் செலவுக்குப் பணம் இருந்தால் முதலில் நிறுத்துங்கள். முழுசாக விடுவதா, பாதியா என்பதைத் தூங்கி எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.