டீன்ஏஜ் மகளுக்கு ஆட்டிசம் மதிப்பீடு: நாங்கள் போய் வந்த மையம் எப்படி?

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைந்த அந்த ஒன்று ரிப்போர்ட்டுக்காக.

இதற்கு முன் வேறொரு இடத்தில் காட்டினோம். பள்ளி, பிடித்த பாடம் என்று ஏதோ கேட்டார்கள், அவளும் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே பதில் சொன்னாள், உடனே "நல்லாத்தானே பேசுறா, மார்க்கும் வருது, இந்த வயசுல வர்ற பதற்றம்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி வரை வாய் திறக்காமல் கிடந்தவளை அவர்கள் எங்கே பார்த்தார்கள்?

இந்த மையம் அங்கேதான் வேறுபடுகிறது. எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசும்போது உள்ளுக்குள் என்ன ஓடுகிறது என்று அவளிடமே கேட்டிருக்கிறார்கள். புருவத்துக்கு நடுவில் பார்ப்பேன், மனதுக்குள் எண்ணிவிட்டுப் பார்வையை மாற்றிக்கொள்வேன் என்றாளாம். பெற்ற எனக்கே அது புதுச் செய்தி. இப்படிச் சிரமத்தை மறைத்து இயல்பாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வதைத்தான் மாஸ்கிங் என்கிறார்கள், பெண் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கிறார்களாம். மனநல மருத்துவர்கள் நோயறிய வைத்திருக்கும், 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 கையேடே, கற்றுக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் மறைந்திருக்கலாம் என்று சொல்கிறது. அப்படியிருக்க, பத்து நிமிடம் பேசிவிட்டு 'இல்லை' என்று எப்படிச் சொல்கிறார்களோ!

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் இதற்குக் கிடையாது. எல்லாமே பேச்சும் கவனிப்பும்தான். ஏடிஓஎஸ்-2 என்ற மதிப்பீட்டில் படத்தைப் பார்த்துக் கதை சொல்வது, நட்பு, தனிமை பற்றிய பேச்சு என்று ஒரு மணி நேரம் போல ஆகும். பெற்றோருக்குத் தனி நேர்காணல், ஏடிஐ-ஆர் என்று பெயர், மொத்தம் 93 கேள்விகள், அதில் பாதி அவள் நாலைந்து வயதில் எப்படி இருந்தாள் என்பது போலத்தான் எனக்குப் பட்டது. அறிகுறிகள் சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பதால் விடாமல் துருவுகிறார்கள், பழைய வீடியோ, பள்ளி ரிப்போர்ட் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். நன்றாக மாஸ்க் செய்கிற பிள்ளைக்கு ஏடிஓஎஸ் மதிப்பெண் குறைவாக வரலாம் என்று அவர்களே சொல்லி, ஆசிரியரிடமும் கேள்வித்தாள் வாங்கிய பிறகுதான் முடிவு சொன்னார்கள். ஆட்டிசம்தான். "அப்பாடா" என்றாள் மகள்.

காத்திருக்கும் அறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது, அதுவும் ஆட்டிசம் பார்க்கிற இடத்தில்! சொன்னதும் அணைத்துவிட்டார்கள், சரி.

ரிப்போர்ட்தான் ஏமாற்றம். பக்கம் பக்கமாக ஸ்கோர், பள்ளிக்கான பரிந்துரையோ "ஆதரவான சூழல் தேவை" என்று ஒரே வரி. அதை வைத்து எந்தத் தலைமை ஆசிரியரிடம் என்ன கேட்பது? தேர்வில் கூடுதல் நேரம், சத்தம் தாங்காதபோது வகுப்பை விட்டு வெளியே போக அனுமதி, குழு வேலையில் முன்கூட்டியே பங்கு பிரித்துச் சொல்வது என்று நாங்களே பட்டியல் போட்டுக் கொடுத்த பிறகுதான் சேர்த்தார்கள். அவள் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி ஒரு பக்கம்கூட இல்லை.

எந்த மையமானாலும் பதிவு செய்யும்போதே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: டீன்ஏஜ் பெண்களைப் பார்த்த அனுபவம் உண்டா, பதற்றம், ஏடிஎச்டி (கவனம் சிதறுவது, அடங்காத துறுதுறுப்பு) இரண்டையும் சேர்த்தே பார்ப்பீர்களா. இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.