மூன்று சீசன் கழித்துத்தான் தெரியும்: கௌபாய் துப்பாக்கிகளை எந்த கன்ஸ்மித்திடம் கொடுப்பது

வேலை முடிந்து கைக்கு வந்த அன்று எல்லா ரிவால்வரும் வெண்ணெய் மாதிரிதான் இருக்கும். ஹேமர் (தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தியல்) வழுக்கிக்கொண்டு பின்னால் வரும், டிரிகர் தொட்டதும் விழும். கடையை விட்டு இறங்கும்போதே மனசு நிறைந்துவிடும். ஆனால் அது நல்ல வேலையா, மேல்பூச்சு வேலையா என்பது சில ஆயிரம் தோட்டாக்கள் தாண்டிய பிறகுதான் வெளியே வரும். பழைய கௌபாய் காலத்து வகைத் துப்பாக்கிகளால் நேரம் குறித்துச் சுடும் போட்டிதான் கௌபாய் ஆக்ஷன் ஷூட்டிங். அதற்குக் கன்ஸ்மித்தை, அதாவது துப்பாக்கி வேலை செய்கிறவரைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாம், மூன்றாம் ஆண்டை.

இந்த விளையாட்டு துப்பாக்கியைப் படுத்தும் பாடு சாதாரணமானதல்ல. 1987-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சிங்கிள் ஆக்ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிகளை ஒட்டித்தான் அமெரிக்காவில் பெரும்பாலான போட்டிகள் நடக்கின்றன. ஒரு வீரருக்கு நான்கு துப்பாக்கிகள் தேவை: இரண்டு சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர்கள் (ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் ஏற்ற வேண்டியவை), பிஸ்டல் தோட்டா சுடும் ஒரு லீவர் ரைஃபிள் (அடியிலுள்ள பிடியை இழுத்து மூடி இயக்குவது), ஒரு பழைய பாணி ஷாட்கன். ஒரு ஸ்டேஜில், அதாவது ஒரு சுற்றில், பொதுவாக ரிவால்வர்களில் 10, ரைஃபிளில் 10, ஷாட்கனில் நான்கு அல்லது அதற்கு மேல். ஆறு ஸ்டேஜ் போட்டியென்றால் ஒரு ரிவால்வருக்கு 30, ரைஃபிளுக்கு 60. மாதம் இரண்டு போட்டி போகிறவரின் ரைஃபிள் ஆண்டுக்கு 1,440 முறை சுடுகிறது. வீட்டில் வெற்றாக இழுத்துப் பழகும் கணக்கு இதில் சேரவில்லை, அது இதைப்போல் பல மடங்கு இருக்கும். 1873-ஆம் ஆண்டின் வடிவமைப்பு ஒன்றை இவ்வளவு வேகத்தில் இத்தனை முறை இயக்கினால் எங்கே தேயும் என்று தெரிந்தவரிடம்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். ஏஆர்-15, க்ளாக் போன்ற நவீனத் துப்பாக்கிகளை நாள் முழுக்கப் பார்க்கும் உள்ளூர்க் கடைக்காரர் திறமைசாலியாகவே இருக்கலாம். இந்த வேலை அவருக்குப் பழகியதா என்பதுதான் கேள்வி.

கோல்ட் வகை ரிவால்வரிலிருந்து தொடங்கலாம். உபெர்ட்டி, பியெட்டா போன்ற இத்தாலியப் பிரதிகளும் இதே வகைதான். ஹேமரின் அடியில் முழு ஏற்ற வெட்டு ஒன்று இருக்கிறது. டிரிகரின் நுனி அதில்தான் உட்காரும். ஹேமரின் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டிருக்கும், உள்ளே மிருதுவான இரும்பு. டிரிகரை லேசாக்குகிறேன் என்று கல்லால் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் அந்தத் தோல் போய்விடும். அன்றைக்கு டிரிகர் கண்ணாடி உடைவதுபோல் சுத்தமாக விழும். ஒரு சீசன் போனதும் இழுவையில் நெருடல் தெரியும், அடுத்து எடை தானாகக் குறைந்துகொண்டே வரும், கடைசியில் டிரிகரைத் தொடாமலே ஹேமர் நழுவும். இதைச் சோதிப்பது எளிது. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு ஹேமரை முழுக்க ஏற்றுங்கள். விரலை டிரிகரிலிருந்து எடுத்துவிட்டு, ஹேமரின் பின்பக்கத்தைப் பெருவிரலால் முன்னோக்கி அழுத்துங்கள். விழுந்தால் அது களத்துக்குப் போகக் கூடாத துப்பாக்கி. மாதம் ஒரு தடவை இதைச் செய்வது நல்லது. டிரிகர் இழுவை இரண்டு, மூன்று பவுண்டுக்குள் இருந்தால் இந்த விளையாட்டுக்குப் போதும். அதற்கும் கீழே கேட்டால் மறுக்கிற கன்ஸ்மித்தை விட்டுவிடாதீர்கள்.

டைமிங், அதாவது ஹேமரும் சிலிண்டரும் ஒத்து நகர்வது, இன்னும் நுட்பமானது. ஹேமரை மிக மெதுவாக இழுங்கள், மற்றக் கையின் விரலால் சிலிண்டருக்குச் சற்றே தடை கொடுங்கள். ஹேமர் முழு ஏற்றத்தில் மாட்டும் அதே நொடியிலாவது அதற்குச் சற்று முன்னாலாவது, சிலிண்டரை நிறுத்திப் பிடிக்கும் போல்ட் அதன் வெட்டில் விழ வேண்டும். சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஆறு அறைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்துவதும் உண்டு. போல்ட் சீக்கிரமே விழுந்தால் சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு விழுந்துவிடும். அழகு கெட்டதே என்று பலர் வருந்துவார்கள், ஆனால் அதைவிடப் பெரிய கவலை பிந்தும் போல்ட்தான். வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் வெட்டைத் தாண்டி ஓடும், வெட்டின் ஓரங்கள் நசுங்கும், அறையும் பாரலும் நேர்கோட்டில் நிற்காது. சிலிண்டருக்கும் பாரலுக்கும் இடைவெளி 0.004 முதல் 0.006 அங்குலம் இருந்தால் நல்லது. கரும்பொடி சுடுகிறவர்கள் இன்னும் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் புகைக்கரி ஏறி சிலிண்டர் சிக்கும். எனவே எந்தப் பொடி போடுகிறீர்கள் என்று முதலிலேயே கேட்கிற கன்ஸ்மித் விஷயம் தெரிந்தவர். இந்த வகையில் தட்டை ஸ்பிரிங்குகள் உடைவது சகஜம். போல்ட்டும் டிரிகரும் பகிர்ந்துகொள்ளும் ஸ்பிரிங்குக்குக் கம்பி ஸ்பிரிங் மாற்று கிடைக்கிறது. நெடுநாள் உழைப்பில் அது தெளிவாக மேல்.

ரூகர் வாக்கேரோ என்ற ரிவால்வரின் குறைகள் வேறு மாதிரி. 1973 முதல் ரூகரின் சிங்கிள் ஆக்ஷன்களில் டிரான்ஸ்ஃபர் பார் இருக்கிறது. ஹேமர் நேராக ஃபயரிங் பின்னை (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியை) தட்டாது, இடையில் எழும் அந்தப் பட்டையைத்தான் தட்டும். (ஆறு தோட்டா போட்டாலும் இயந்திரரீதியாகப் பாதுகாப்பு என்றாலும், போட்டியில் ஐந்துதான், ஹேமருக்குக் கீழே காலி அறை.) தொழிற்சாலை ஹேமர் ஸ்பிரிங் ஏறத்தாழ 23 பவுண்டு. எல்லோரும் முதலில் செய்வது அதை 17, 18-க்கு மாற்றுவது. பட்டை வழியாகப் போகும் அடியில் ஏற்கெனவே கொஞ்சம் வலு குறைகிறது. ஸ்பிரிங்கையும் குறைத்தால் கடினமான பிரைமர்கள் (தோட்டாவின் அடியில் பொடியைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) வெடிக்காது. ஃபெடரல் பிரைமர் மிருதுவானது என்பதால் அதில் மட்டும் சரியாக ஓடும். அது கடையில் கிடைக்காத மாதத்தில் வேறு பிரைமர் போட்டுப் போட்டிக்குப் போனால், வெடிக்காத ஒவ்வொரு தோட்டாவும் ஒரு மிஸ், ஐந்து விநாடி அபராதம். லேசான ஹேமரால் மிச்சமாகும் நேரம் அதில் கால்வாசிகூட வராது. ஆகவே ஸ்பிரிங் எடையைச் சொல்வதற்கு முன் உங்கள் பிரைமர் எது என்று கேட்கிறாரா, பாருங்கள். .45 கோல்ட் ரூகர்களில் சிலிண்டரின் முன்வாய் பாரலைவிடக் குறுகலாக வருவது பலருக்குத் தெரிந்த சிக்கல். ஈயக் குண்டு அங்கே நசுங்கி, பாரலில் தளர்ந்து ஓடி, ஈயம் படியும். நல்ல கன்ஸ்மித் அளந்துவிட்டு 0.4525 அங்குலம் வரை ரீமர் (துளையைப் பெரிதாக்கும் கருவி) போட்டுத் தருவார். அளக்காமல் போடுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி ரைஃபிள். பணமும் மனஸ்தாபமும் அதிகம் போவது இங்கேதான். பெரும்பாலோர் வைத்திருப்பது உபெர்ட்டியின் 1873, அதாவது வின்செஸ்டர் 1873-இன் பிரதி. அதில் ஷார்ட் ஸ்ட்ரோக் கிட் போடுவது வழக்கமாகிவிட்டது. போல்ட்டை நகர்த்தும் லிங்குகளையும், கேரியரைத் தூக்கும் லிஃப்டரையும் மாற்றி லீவர் நகரும் தூரத்தைக் குறைப்பார்கள். பெட்டியில் வரும் பாகங்களை அப்படியே மாட்டிவிட்டு முடிந்தது என்பவர்கள் உண்டு. ஆனால் வேலையே மாட்டிய பிறகுதான் தொடங்குகிறது. கேரியர் தோட்டாவை மேகசினிலிருந்து மேலே தூக்கும் நேரமும், போல்ட் (ரைஃபிளில் இது அறையின் பின்பக்கத்தை அடைக்கும் தண்டு) பின்வாங்கும் நேரமும் பொருந்த வேண்டும், லீவர் மூடியதும் லிங்குகள் முழுக்க நேராகி நிற்க வேண்டும். 1873-இன் பூட்டு என்பதே அந்த நேராகும் லிங்குகள்தான், வேறு பூட்டு கிடையாது. லீவர் முழுக்க மூடாமல் ஹேமர் விழுந்தால் தோட்டாவின் பின்பக்கம் வெடித்துத் திறக்கும். அதைத் தடுக்கவே டிரிகருக்குப் பின்னால் லீவர் அழுத்தும் ஒரு சின்னத் தடுப்பு இருக்கிறது. அதன் ஸ்பிரிங்கை லேசாக்குவது ஏற்கத்தக்கது. தடுப்பையே கழற்றி எறிகிறவரிடம் எந்த வேலையும் தர வேண்டாம். சோதிக்க, காலித் துப்பாக்கியில் லீவரைக் கால் அங்குலம் திறந்து வைத்து டிரிகரை இழுங்கள். ஹேமர் அசையக் கூடாது.

1873-க்குத் தோட்டாவின் நீளமும் உயிர்நாடி. ஒரு தோட்டா கேரியருக்குள் இருக்கும்போது அடுத்த தோட்டாவின் பின்விளிம்பு கேரியரின் முன்முகத்தோடு சரியாக நிற்க வேண்டும். தோட்டா குட்டையாக இருந்தால் அடுத்தது கேரியருக்குள் எட்டிப்பார்க்கும், நீளமாக இருந்தால் அதன் மூக்கு மேகசினிலேயே தங்கும். இரண்டிலும் கேரியர் எழாது. .357 ரைஃபிளில் .38 ஸ்பெஷல் போடுகிறவர்கள் பெரும்பாலும் 1.45 முதல் 1.55 அங்குலத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள், உங்கள் ரைஃபிளுக்கு எது என்று அதிலேயே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே ரைஃபிளை அனுப்பும்போது, நீங்கள் வழக்கமாகப் போடும் அதே குண்டு, அதே நீளத்தில் பொடியும் பிரைமரும் இல்லாத 12 வெற்றுத் தோட்டாக்களைச் சேர்த்து அனுப்புங்கள். அவராகவே இதைக் கேட்டால் பாதித் தேடல் முடிந்தது. உயிருள்ள தோட்டாவை ஒருபோதும் துப்பாக்கிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

மார்லின் 1894 என்ற இன்னொரு லீவர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கன்ஸ்மித்திடம் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும்: மார்லின் ஜாம் எப்படி வருகிறது? லீவரின் கூரான விளிம்பு கேரியரின் அடியைச் சுரண்டிச் சுரண்டிப் பள்ளமாக்கும். கேரியர் உயரம் குறையும், இரண்டாவது தோட்டா அடியில் நுழைந்து எல்லாம் இறுகிவிடும். விளிம்பை முன்கூட்டியே மழுக்குவதும், தேய்ந்த இடத்தில் உலோகம் ஏற்றிச் சரிசெய்வதும்தான் வைத்தியம். இந்த விடை தயங்காமல் வரவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ஷாட்கனில் 1897 வின்செஸ்டர் தனி உலகம். 1957 வரை செய்யப்பட்டது, ஆகவே கைக்கு வருவது எழுபது, நூறு ஆண்டு உழைத்ததாக இருக்கும். பழையவற்றில் சில 2⅝ அங்குல அறை கொண்டவை. இன்றைய 2¾ தோட்டா போடுமுன் அளந்தே ஆக வேண்டும். கழற்றி மாட்டும் பாரலின் மரை தளர்ந்திருக்கிறதா, இரு பக்கத் தோட்டாத் தடுப்புகள் சரியாகப் பிடிக்கின்றனவா, போல்ட் பூட்டாமல் ஹேமர் விழுகிறதா, இவை மூன்றையும் பார்க்காமல் வெறும் பாலிஷ் போட்டுத் தருவது வேலையல்ல. இரட்டைக்குழலுக்குப் பெரிய சிகிச்சை தேவையில்லை. அறைகளைப் பளபளப்பாக்கி, வாய் விளிம்பைச் சற்றுச் சரித்தால் காலித் தோட்டா தானாக விழும்.

ஆளைக் கண்டுபிடிக்க விளம்பரத்தைவிடப் போட்டித் திடலின் அன்லோடிங் மேசை (சுட்டு முடித்துத் துப்பாக்கியைக் காலி செய்யும் இடம்) உதவும். வேகமாகச் சுடுகிறவரைவிட, உங்கள் அதே மாடலை மூன்று ஆண்டுக்கு மேல் ஓட்டுகிறவரைத் தேடுங்கள். யார் வேலை செய்தது என்பதோடு நிறுத்தாமல், அதற்குப் பிறகு என்ன உடைந்தது, திருப்பி அனுப்பியபோது என்ன பதில் வந்தது என்றும் கேளுங்கள். உடைந்ததே இல்லை என்பதைவிட, உடைந்தது, இரண்டு வாரத்தில் சரிசெய்து அனுப்பினார் என்ற பதிலுக்கு மதிப்பு அதிகம். செய்யப்போகும் மாற்றம் நடப்பு விதிப்புத்தகத்துக்கு உட்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியே தெரியும் மாற்றங்களில் கட்டுப்பாடு அதிகம்.

சட்டப் பக்கமும் நம்பிக்கையின் அளவுகோல்தான். தொழிலாகத் துப்பாக்கி வேலை செய்கிறவருக்கு அமெரிக்க ஃபெடரல் உரிமம் வேண்டும். அவர் தரும் உரிம எண்ணின் முதல் மூன்று, கடைசி ஐந்து இலக்கங்களை துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசுத் துறையான ஏடிஎஃப்-இன் இணையச் சோதனைப் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். உரிமையாளர் வேறு மாநிலத்திலுள்ள உரிமதாரருக்குப் பழுதுபார்க்க நேரடியாக அனுப்பவும், அவர் அதே ஆளுக்கு நேரடியாகத் திருப்பி அனுப்பவும் ஃபெடரல் சட்டம் இடம் தருகிறது. மாநிலச் சட்டங்களைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். கூரியர் நிறுவனங்களின் விதிகள் கெடுபிடியானவை, ரிவால்வரை உள்ளூர் டீலர் மூலம் அனுப்புவது தலைவலி இல்லாத வழி. துப்பாக்கி இரவு தங்கினால், துப்பாக்கிகள் வந்ததையும் போனதையும் குறிக்கும் பதிவேட்டில் சீரியல் எண்ணோடு ஏற்ற வேண்டியது அவர் கடமை. நின்று காத்திருந்து அன்றே வாங்கிப்போனால் மட்டும் தேவையில்லை. பதிவேடெல்லாம் எதற்கு என்று சொல்கிறவர் டிரிகர் வேலையிலும் அப்படித்தான் இருப்பார்.

அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள், சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் தோட்டா, பொடி, பிரைமர், இப்போதைய டிரிகர் எடை, எந்தக் குறை எப்போது வருகிறது என்பதை எழுதி வையுங்கள். லீவர் இறுகுகிறது என்று எழுதுவதைவிட, ஏழாவது தோட்டாவுக்குப் பிறகு, வேகமாக ஓட்டும்போது, திறக்கும் பாதி வழியில் இறுகுகிறது என்று எழுதினால் அவருக்கு ஒரு நாள் மிச்சம். கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் பையில் திரும்ப வர வேண்டும் என்று அதே தாளில் சேர்த்துவிடுங்கள். பின்னாளில் வேறொருவர் சரிசெய்ய நேர்ந்தால் அவை தேவைப்படும்.

திரும்பி வந்ததும் நேரே போட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். மேலே சொன்ன காலிச் சோதனைகளை முடியுங்கள். வெற்றுத் தோட்டாக்களை ரைஃபிளில் பத்து முறை மெதுவாகவும் பத்து முறை வேகமாகவும் ஓட்டுங்கள், குழல் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் சாய்த்துப் பாருங்கள். அடுத்துத் திடலில் ரிவால்வருக்கு 50, ரைஃபிளுக்கு 100 தோட்டா. சுட்ட பிரைமர்களின் நடுக்குழி எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று வரிசையாக அடுக்கிப் பாருங்கள், மேலோட்டமான குழி இரண்டு தெரிந்தாலும் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச வேண்டும். இத்தாலியத் துப்பாக்கிகளில் எஜெக்டர் குழாயின் திருகும் பிடியின் திருகுகளும் இந்த முதல் நூறிலேயே தளரும். திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள், சிவப்பு வேண்டாம், அடுத்த தடவை கழற்றவே முடியாது.