சூட்டில் நிற்கும், குளிரில் கிளம்பாது: பழைய பிக்கப்புடன் எட்டு வருடம்

2012 மாடல் பிக்கப், காமன் ரெயில் டீசல் இன்ஜின், அதாவது அதிக அழுத்தத்தில் டீசலைக் கம்ப்யூட்டர் பார்த்து அடிக்கும் வகை. 2017-ல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியாக என் கைக்கு வந்தது. இப்போது மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. இந்த வகை இன்ஜின் உள்ள எந்த வண்டிக்கும் வரக்கூடிய கோளாறுதான் இது. கம்பெனிச் சண்டையில் இறங்க எனக்கு நேரமும் இல்லை.

பூம்பாறையில் மலைப்பூண்டு ஏற்றி, கொடைக்கானல் வழியாகக் காட்ரோட்டுக்கு இறங்கி, வடுகபட்டிச் சந்தையில் சேர்ப்பது வேலை. திரும்பும்போது உரமோ பலசரக்கோ இருக்கும். லோடு இழுப்பதில் வண்டியைக் குறை சொல்ல முடியாது. கிளட்ச் இரண்டு முறை மாற்றினேன், லோடு ஏற்றும் தொட்டியின் அடியில் துருவுக்குத் தகடு அடித்தேன். அதெல்லாம் பழைய வண்டிக்குச் சகஜம். என்னை ஒரு வழி பண்ணியது 2021-ல் ஆரம்பித்த வேறொரு தொல்லை.

காலையில் பூம்பாறையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. ஏழெட்டு முறை அடித்த பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். தினமும் இப்படி இல்லை. வாரத்தில் சில நாள். அப்புறம், மதிய வெயிலில் லோடோடு மலை ஏறும்போது, டம்டம் பாறையைத் தாண்டி ஏதாவது ஒரு வளைவில் பொசுக்கென்று நின்றுவிடும். அரை மணி நேரம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

மலை ரோட்டில் ஓடும்போது இன்ஜின் நிற்பது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அதற்குப் பிறகு பெடல் மேல் ஏறி நின்றால்கூடச் சரியாகப் பிடிக்காது. அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்தி நிறுத்திவிட வேண்டும். பின்னால் டூரிஸ்ட் பஸ் வந்துகொண்டிருந்த ஒரு நாளில்தான் இதை நான் கற்றுக்கொண்டேன்.

ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கினேன். ஒருவர் டீசல் ஃபில்டர் மாற்றினார். அடுத்தவர் டேங்கை இறக்கிக் கழுவினார். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். டேங்குக்குள் டீசல் உறிஞ்சும் குழாயின் வலையில் குப்பை ஒட்டினாலும் வண்டி நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் குப்பை கீழே விழுந்து மறுபடி ஓடும். என் வண்டியின் அறிகுறியும் அதே மாதிரிதான் இருந்தது. மூன்றாமவர் "மலைக் குளிருண்ணே" என்று குளிரில் இன்ஜினைச் சூடாக்கிக் கிளப்பும் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினார். நான்காவது இடத்தில் ஹை பிரஷர் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் கழற்றி வேலை செய்து 41,000 ரூபாய் வாங்கினார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராவது நாள் பெருமாள்மலைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. ஸ்கேனர் போட்டால் கோளாறைக் காட்டும் எரர் கோட் (code) ஒன்றும் வரவில்லை. "வண்டி பழசாயிருச்சுண்ணே, வித்துருங்க" என்றார்கள்.

விற்றால் வருகிற காசில் சைக்கிள்தான் வாங்கலாம்.

அக்கா மகன் ஐ.டி.ஐ. படித்தவன். "மாமா, ஸ்டார்ட் ஆகலைன்னு மட்டும் சொன்னா யாரு என்ன பண்ணுவாங்க? எப்போ, எங்கே, எப்படின்னு எழுதி வைங்க" என்றான். பூண்டு எடைக்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். நேரம், இடம், டேங்கில் எவ்வளவு டீசல், இன்ஜின் சூடா குளிரா, எப்படி நின்றது, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது. ஒரு மாதம் போனதும் பக்கங்களைப் புரட்டினால் ஒன்று கண்ணில் குத்தியது. காலைத் தொல்லை வந்த நாளில் மதியத் தொல்லை வர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வந்து போயின. ஒரே நோய் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது இரண்டு நோய். பம்புக்குக் கொடுத்த பணத்தில் பாதிப் பழி என் வாய்க்குத்தான்.

காலைத் தொல்லையின் முடிச்சு தற்செயலாக அவிழ்ந்தது. பூம்பாறையில் நான் வண்டி விடும் இடம் சரிவு. வழக்கமாக மூக்கு மேட்டைப் பார்த்தபடி விடுவேன். ஒரு நாள் அந்த இடத்தில் வேறு லாரி நின்றதால் பள்ளத்தைப் பார்த்தபடி திருப்பி விட்டேன். மறுநாள் கை விறைக்கும் குளிர், ஆனால் அரைச் செல்ஃபில் பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் குளிர் காரணமில்லை. தொடர்ந்து பத்து நாள் மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தேன். மூக்கு மேலே இருந்த ஐந்து இரவில் நான்கில் தொல்லை. மூக்கு கீழே இருந்தால் ஒன்றுகூட இல்லை.

காரணம் இதுதான். டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாகப் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. அந்த வழியில் எங்காவது பொடி ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது. ராத்திரி மூக்கு மேலே இருந்தால் காற்று புகுந்து ஃபில்டரில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் வெறும் குழாயைத்தான் பம்ப் இழுக்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் ஒரு அடி போட்டுப் பார்த்தோம், குமிழி குமிழியாக ஓடியது. குற்றவாளி ஃபில்டர் அடியில் தண்ணீர் திறந்துவிடும் திருகின் ஓ-ரிங், அதாவது கசிவை அடைக்கும் ரப்பர் வளையம். ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் அந்தப் பழைய ஓ-ரிங்கையே மறுபடி போட்டிருக்கிறார்கள். விலை இருபது ரூபாய்.

மதியத் தொல்லைக்கு இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. டீசல் கிடைக்காமல் நிற்கும் வண்டி திக்கித் திணறி, இழுவை குறைந்து, முக்கி முக்கித்தான் நிற்கும். என்னுடையது சாவியை அணைத்தது போல ஒரே நொடியில் நிற்கும். நோட்டில் நானே "பொசுக்" என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறேன், ஆனாலும் உறைக்கவில்லை. ஒரு நாள் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். வண்டி நின்ற கணத்தில், "மாமா, கியர்ல உருண்டுட்டுத்தானே இருக்கோம், ஆர்.பி.எம். முள்ளு ஏன் சைபருக்கு விழுந்துச்சு?" என்றான். கியரில் உருளும் வண்டியில் இன்ஜின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். முள் சைபர் என்றால் சுற்றுவதைச் சொல்லும் கிராங்க் சென்சார் வாயை மூடிவிட்டது என்று அர்த்தம். அது சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் டீசலை அடிக்காது.

அங்கேயே சென்சார் மேல் மட்டும் அரை பாட்டில் தண்ணீரை ஊற்றினோம். அரை மணி ஆகவில்லை, ஐந்தாவது நிமிடம் ஸ்டார்ட். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றினால் முனையில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. மல்டிமீட்டரை மாட்டி, மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டினோம். குளிரில் 900 ஓம் பக்கம் காட்டியது, சூடு ஏற ஏறக் குதித்து, கடைசியில் ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விட்டுப்போகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. ஷெட்டுக்கு வண்டி போய்ச் சேரும்போது ஆறியிருக்கும், சோதித்தால் நன்றாகத்தான் இருக்கும். டிரையர் பிறகு வீட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு, அது வேறு கதை.

முதலில் மலிவான டூப்ளிகேட் சென்சார் வாங்கிப் போட்டேன். ஏழு மாதத்தில் அதே கதை. அப்புறம் ஒரிஜினல் போட்டேன், மூன்று வருடமாகச் சத்தமில்லை.

இடையில் பேட்டரி மேலும் சந்தேகப்பட்டோம். நிற்கும்போது 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.4. பேட்டரி பாவம், அதற்கு ஒன்றுமில்லை. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையில் 0.9 வோல்ட் காட்டியது. எர்த் ஒயர் போல்ட்டில் துரு. சுரண்டி முறுக்கியதும் 0.2-க்கு இறங்கியது, செல்ஃபின் குரலே மாறிவிட்டது. இதைப் பார்க்க 600 ரூபாய் மீட்டர் போதும்.

வண்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், நோட்டுப் போட்டு எழுதும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் என்பேன். சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களுக்கு இந்த வயது வண்டி ஆகாது. என்னுடையதற்கு இப்போது பம்ப் பக்கம் லேசாக ஒரு ஊளைச் சத்தம் வருகிறது. நோட்டில் தேதி போட்டிருக்கிறேன்.

ஓ-ரிங் மாற்றி நான்காவது வருடம். பூம்பாறையில் இன்றைக்கும் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பித்தான் விடுகிறேன்.